நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்காருகிற நேரம் இருக்கிறதே, மனிதர்கள் மனம் விட்டுப் பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வயிறு நிறைந்திருக்கும். தாலி கட்டி முடிந்துவிட்டதால் யாருக்கும் அவசரம் இருக்காது. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் 'நம்ம ஊர்' என்ற நிழலுக்கு வந்து சேரும்.

மதுரையில் அப்படி ஒரு கல்யாணம். தை மாதம். மாட்டுப் பொங்கல் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆகவே பேச்சு காளையைப் பற்றி இருந்ததில் ஆச்சரியம் இல்லை. பாலமேட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், தம் ஊர்க் கோயில் காளை வாடிவாசலை விட்டு வெளியே வந்த விதத்தைக் கைகளாலும் கண்களாலும் வர்ணித்துக்கொண்டிருந்தார். 'நம்ம காளை, நம்ம காளை' என்று வாய்க்கு வாய் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் அது எங்கள் காளை போலவே இருந்தது.

அப்போது மாப்பிள்ளை வீட்டு வாலிபன் ஒருவன் பேச்சில் நுழைந்தான்.

"காளையை விடுங்கய்யா. நம்ம மதுரை டீம் ஒண்ணு இந்தியாவுக்கே சாம்பியனாச்சு, தெரியுமா? பொம்பளைப் பிள்ளைக புட்பால். 2019-லே."

ஒருவருக்கும் தெரியாது. "டீம் பேரு என்ன தம்பி?" என்றார் ஒருவர்.

"சேது எஃப்.சி."

"சரி. அதிலே நம்ம ஊர்ப் பிள்ளைக எத்தனை பேரு?"

பையன் தடுமாறினான். மணிப்பூர் என்றான், நேபாளம் என்றான், கடலூர்ப் பக்கம் என்றான். "அப்ப மணிப்பூர் ஜெயிச்சுதுன்னு சொல்லு!" என்றார் அவர். கூடம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு ஓய்ந்த பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னாள். அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த வார்த்தைதான் என்னை வீட்டுக்குப் போன பிறகும் தூங்க விடாமல் செய்து, இந்தக் கட்டுரையை எழுத வைத்திருக்கிறது.

முதலில் அந்தப் பையன் சொன்னது உண்மையா என்று தேடிப் பார்த்தேன். உண்மைதான். மதுரையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் போனால் காரியாபட்டிக்குப் பக்கத்தில் புல்லூர் என்ற இடத்தில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் பொட்டல். சேது என்ற அந்தக் கல்லூரியின் பெயரைத் தாங்கி, மதுரையைத் தன் ஊராகக் கொண்டு 2016-ல் தொடங்கியது அந்தப் பெண்கள் கால்பந்துச் சங்கம். இந்தியாவில் பெண்களுக்கென்று தேசிய லீக் போட்டி நடக்கத் தொடங்கியதே 2016-17 பருவத்தில்தான். அதன் மூன்றாவது வருஷத்தில், 2019 மே 22-ந் தேதி, பஞ்சாபில் லூதியானா குருநானக் மைதானத்தில், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கணக்கில் வென்று சேது கோப்பையை வாங்கியது.

தேதியைப் பார்த்ததும் ஒன்று விளங்கியது. மறுநாள், மே 23, பாராளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சில பெண்கள் மதுரையின் பேரால் ஜெயித்துக்கொண்டிருந்த மாலையில், மதுரை யாருக்கு எத்தனை ஓட்டு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. நானும் எண்ணியவர்களில் ஒருவன். அன்று கவனிக்காததை மன்னித்துவிடலாம். ஆனால் அடுத்த நாள், அடுத்த வாரம், அடுத்த வருஷம்? 2022 மே மாதம் புவனேசுவரத்தில் அதே அணி பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்துவிட்டு, பதினோராவது ஆட்டத்தில் கோகுலம் கேரளா அணியிடம் 3-1 என்று தோற்று இரண்டாவதாக வந்தது. அப்போது எந்தத் தேர்தலும் குறுக்கே நிற்கவில்லை. அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். 'நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?' என்று கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பதைத்தான் கேட்டார். ஒரு வெற்றியை 'நம்முடையது' என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு ஓர் உரிமை வேண்டும் அல்லவா? அந்த உரிமை எங்கிருந்து வருகிறது?

தமிழுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் ஒரே சொல்லால் ஆக வேண்டிய காரியத்துக்கு நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'எங்கள் ஊர்' என்றால் கேட்கிறவனை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்வது. 'நம் ஊர்' என்றால் கேட்கிறவனையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு சொல்வது. அந்தப் பையன் 'நம்ம மதுரை டீம்' என்றுதான் சொன்னான். அவன் எங்களை உள்ளே அழைத்தான். நாங்கள்தான் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்களின் ஜாதகத்தைக் கேட்டோம்.

பிறப்பினால் வருவதுதான் உரிமை என்று வைத்துக்கொண்டால், அதை மதுரையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது கொஞ்சம் துணிச்சலான காரியம். சுங்குடிச் சேலை என்றால் உலகம் முழுவதும் மதுரைச் சுங்குடி என்றுதான் சொல்கிறது. அதற்கு முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சௌராஷ்டிர மக்கள், தலைமுறைகளுக்கு முன் எங்கிருந்தோ நடந்து வந்தவர்கள். இன்றும் வீட்டுக்குள் தங்கள் பாஷையைப் பேசுகிறவர்கள். பெரிய தூண்களோடு மகால் கட்டிய திருமலை நாயக்கரின் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். 'இந்தச் சேலையில் நம்ம ஊர்க்காரர் போட்ட முடிச்சு எத்தனை?' என்று எந்தப் பெண்ணும் கடையில் கேட்டு நான் பார்த்ததில்லை. மதுரையில் மதுரையாக இருப்பதில் பாதி, வந்தவர்கள் செய்தது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற ஊரை எனக்கு அடையாளம் தெரியாது.

இதற்கு ஒரு பதில் சொல்லலாம். 'அவர்கள் வந்தவர்கள், ஆனால் தங்கினார்கள். இந்த ஆட்டக்காரிகள் சம்பளத்துக்கு வந்து ஒரு பருவம் ஆடிவிட்டுப் போகிறவர்கள். கூலிக்கு மாரடிப்பதை நம்முடையது என்று எப்படிச் சொல்வது?' என்று கேட்கலாம். உண்மை இல்லாத கேள்வி அல்ல. சேதுவுக்காக ஆடிய நேபாளத்துச் சபித்ரா பண்டாரி அடுத்த பருவத்திலேயே கோகுலத்துக்குப் போய்விட்டார். மணிப்பூர் ரத்தன்பாலா தேவியும், கடலூர்ப் பக்கத்து இந்துமதி கதிரேசனும், சந்தியா ரங்கநாதனும் சேதுவின் சட்டையைப் போட்டு ஆடியவர்கள். வேறு சட்டைகளையும் போட்டவர்கள். இந்தியாவின் சட்டையையும் போட்டவர்கள். பிழைப்பு இருக்கிற இடத்துக்குப் போவது குற்றமா? என் கதைகளை நான் ஒரே பத்திரிகையிலா எழுதினேன்? சம்பளம் வாங்கினான் என்பதற்காக ஒரு வாத்தியார் நம்முடைய வாத்தியார் இல்லை என்று ஆகிவிடுமா? வாங்கிய கூலிக்கு மேல் ஒருவன் எதைக் கொடுத்தான் என்று பார்க்க வேண்டும். அதை அருகில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். நாங்கள் பார்க்கவே இல்லையே!

உரிமை என்பது ஒருவேளை வேறு எங்கோ இருக்கிறது என்று தோன்றியது. அப்போதுதான் எனக்கு ஒரு பிரெஞ்சு ஊரின் ஞாபகம் வந்தது.

பிரான்சின் வடகோடியில், கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து தெரிகிற கரையில், கலே என்று ஒரு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. நம் மதுரையைப் போல நூலோடு சம்பந்தப்பட்ட ஊர். லேஸ் பின்னுவதற்குப் பேர் போனது. அந்த ஊருக்கு ஒரு சிறிய கால்பந்துச் சங்கம் இருந்தது. நாலாவது டிவிஷனில் ஆடியது. ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பந்தைத் தொடுகிற சாதாரண மனிதர்கள். 1999-2000 பருவத்தில் பிரெஞ்சுக் கோப்பைப் போட்டியில் இந்தச் சங்கம் லில் அணியை வென்றது. கான் அணியை வென்றது. முதல் டிவிஷன் ஸ்ட்ராஸ்பூரை வென்றது. அரை இறுதியில், முந்தின வருஷத்துப் பிரெஞ்சுச் சாம்பியனான போர்தோவையே 3-1 என்று வென்றுவிட்டது. 2000 மே 7-ந் தேதி பாரிஸுக்கு வெளியே பெரிய மைதானத்தில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால், நாந்த் அணியோடு இறுதி ஆட்டம். கலேதான் முதலில் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு நாந்த் சமன் செய்தது. கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டி. 2-1 என்று கலே தோற்றது. வென்ற அணியின் காப்டன், கோல்காப்பாளர் லாந்ரோ, தோற்ற அணியின் காப்டனைக் கூப்பிட்டு, இருவருமாகச் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள்.

அன்று பிரான்சு முழுவதும் கலேயை 'நம்முடையது' என்றது. அவர்கள் பாஷையில் ஒரே சொல்தான் இருப்பதால் அதில் எத்தனை 'நம்', எத்தனை 'எங்கள்' என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊரில் 2008-ல் பன்னிரண்டாயிரம் பேர் உட்காரக்கூடிய புது மைதானம் ஒன்று எழும்பியது. அந்த வெற்றிப் பயணத்தின் நினைவாக அதற்குக் 'காவியம்' என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். ஆனால் சங்கத்துக்குக் கஷ்ட காலம் வந்தது. கடன் ஏறியது, டிவிஷன் இறங்கியது. 2017-ல் சங்கமே கலைக்கப்பட்டது. காவியத்துக்குக் கட்டடம் இருந்தது; காவியம் பாடியவர்களுக்கு இடம் இல்லை.

கடல் தாண்டிப் போக வேண்டாம். சேது ஜெயித்த அதே 2019-ல், மார்ச் 9-ந் தேதி, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி என்ற நம் தமிழ்நாட்டு ஆண்கள் அணி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயிண்டில் முந்தி, ஐ-லீக் பட்டத்தை எடுத்தது. ஒரே வருஷத்தில் ஆண்கள் ஐ-லீக், பெண்கள் லீக் இரண்டும் தமிழ்நாட்டுக்கு! இரண்டே வருஷங்களில், 2021-க்குப் பிறகு, அந்த ஐ-லீகில் சென்னை சிட்டியின் பெயரைக் காணோம். 'எங்கே நம்ம டீம்?' என்று எந்தப் பந்தியிலும் யாரும் கேட்டு என் காதில் விழவில்லை.

கலேயைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஊரின் இன்னொரு பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும். 1347-ல் இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்டு பதினோரு மாதம் முற்றுகையிட்டு அந்த ஊரைப் பட்டினி போட்டான். கடைசியில், 'ஊரின் பெரியவர்கள் ஆறு பேர் கழுத்தில் கயிற்றோடு வந்து உயிரைக் கொடுத்தால் மற்றவர்களை விட்டுவிடுகிறேன்' என்றான். ஆறு பேர் முன்வந்தார்கள். ராணி மன்றாடியதால் அவர்கள் பிழைத்தார்கள் என்பது வரலாறு. சிற்பி ரோதான் அந்த ஆறு பேரையும் வெண்கலத்தில் வார்த்திருக்கிறார். தலை குனிந்து, கால் தளர்ந்து, பயத்தோடு நடக்கிற ஆறு சாதாரண மனிதர்கள். அந்த ஆறு பேரும் ஊரைப் பார்த்து 'நம் ஊர்' என்று சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன எடை இருந்திருக்கும்! அதே ஊரில் அறுநூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகு, கோப்பை வரும்போது ஆயிரக்கணக்கானோர் சொன்ன 'நம்' என்ற சொல்லுக்கு எடை என்ன?

எல்லோரும் கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எடை என்பது அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கல்யாண வீட்டுப் பாலமேட்டுப் பெரியவரிடமே நான் பிறகு கேட்டேன்:

"ஏண்ணே, அது கோயில் காளைதானே? நீங்க 'நம்ம காளை'ங்கிறது எப்படி?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எப்படின்னா? தினம் என் வீட்டு வாசல்லே வந்து நிக்கும்ல? ஒரு வாய் தவிட்டுத் தண்ணி காட்டாம அனுப்பினதில்லையே!" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு வேண்டிய பதில் அந்தத் தவிட்டுத் தண்ணீரில் இருந்தது. அந்தக் காளை எங்கே பிறந்தது என்று அவருக்குத் தெரியாது. எந்தச் சந்தையில் வாங்கி வந்து கோயிலுக்கு விட்டார்களோ! வாசலில் வந்து நின்றது. வாளியை எடுத்து வைத்தார். ஜெயித்தாலும் வைத்தார், பிடிபட்டு வந்தாலும் வைத்தார். ஆகையால் அது அவருடைய காளை.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். நான் இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "ஊரில் ஆயிரம் காரியம் நடக்கிறது. அத்தனை பேர் வாசலிலும் நான் போய் நிற்க முடியுமா? பார்க்காததெல்லாம் என் பாவக் கணக்கில் சேருமா? அப்படியானால் இந்தியா ஜெயித்தால்கூட நான் சந்தோஷப்படக் கூடாதே!"

நியாயமான ஆட்சேபம். நான் சொன்ன பதில் இது. சந்தோஷப்படுவதற்கு எந்த உரிமையும் வேண்டாம். மழை பெய்தால் எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். மேகத்தை நாமா கட்டி இழுத்து வந்தோம்? சந்தோஷம் இலவசம். பெருமை இலவசம் அல்ல. 'இது என்னுடையது' என்று சொல்வதற்கு ஒரு வாளித் தண்ணீராவது தூக்கியிருக்க வேண்டும். தூக்காதவன் சும்மா இருக்கலாம். அதில் பாவம் இல்லை. ஆனால் தண்ணீரும் தூக்காமல், தூக்கியவனைப் பார்த்து 'இது நம்ம ஊர்க் காளைதானா?' என்று கேட்டுச் சிரிக்கிறானே, அதுதான் பாவம். அன்று கூடத்தில் நாங்கள் செய்தது அதுதான்.

இத்தோடு கட்டுரையை முடித்துக்கொண்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஊரைக் குறை சொல்லிவிட்டு எழுத்தாளன் நல்லவனாக எழுந்து போய்விடலாம். ஆனால் பின்வரிசைப் பெண்மணியின் வார்த்தை பாக்கி இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் இருபத்தைந்து முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது நான் வைகைக்கு வடகரையில் ஒரு சந்தில் குடியிருந்தேன். வைகையில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் தண்ணீர் இருக்காது என்பது நீங்கள் அறிந்ததே. தண்ணீர் இல்லாத ஆறு எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கு மைதானம். எதிர்வீட்டில் ஒரு பள்ளி வாத்தியார். அவருடைய மூத்த பெண்ணுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். மாலையானால் தம்பிமாரோடு மணலில் இறங்கிவிடுவாள். பையன்களின் காலுக்குள் பந்து சிக்கும். அவள் காலில் பந்து பழகும். நான் மாடியில் எழுதிக்கொண்டிருக்கும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு அதைப் பார்த்ததுண்டு. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? பார்க்க அழகாக இருந்தது.

ஒரு நாள் வாத்தியார் வந்தார். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்றார். "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க நாலு எழுத்து எழுதுறவுக. மாமா சொன்னா கேப்பா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

மறுநாள் அவள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டைத் தாண்டிப் போனபோது கூப்பிட்டேன். "போதும்மா. பெரிய பிள்ளையாயிட்டே. இனிமே படிப்பைப் பாரு" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. கனிவாகத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி மாமா" என்றாள். பந்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அதற்குப் பிறகு ஆற்றில் அவளை நான் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அந்த வாரத்து அத்தியாயத்தில் கதாநாயகி, தன்னைக் கட்டிப்போட நினைத்த வீட்டை விட்டு வெளியே நடந்தாள். வாசகிகள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். இரண்டுக்கும் உள்ள முரண்பாடு அன்று எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் எனக்கு இன்று பயமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் 1920-ல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலில் பெண்கள் ஆடிய ஒரு கால்பந்தாட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 5-ந் தேதி, அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று தீர்மானித்து, தன் மைதானங்களை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தத் தடை நீடித்தது. பிரான்சில் 1941-ல் யுத்த காலத்து விஷி சர்க்கார் பெண்கள் கால்பந்தைத் தடை செய்தது. 1970-ல்தான் அந்நாட்டுச் சம்மேளனம் அவர்களை அங்கீகரித்தது. அங்கே அதற்குக் கூட்டம் வேண்டியிருந்தது, தீர்மானம் வேண்டியிருந்தது, கையெழுத்து வேண்டியிருந்தது. ஆகவே பின்னால் அதை ரத்துச் செய்யவும் முடிந்தது. எங்கள் சந்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மாமா, ஒரு வாக்கியம், கொஞ்சம் கனிவு, போதுமானதாக இருந்தது. அதை ரத்துச் செய்ய எந்தச் சம்மேளனத்துக்கு மனுப் போடுவது?

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அந்தப் பெண்தான். இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பக்கத்தில் அவளுடைய மகள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் சற்றே முன்னால் குனிந்து, பழைய மரியாதை குறையாமல் என்னிடம் சொன்னாள்:

"மாமா, எத்தனை பேருன்னு கேக்குறாங்களே. வராதவங்க கணக்குன்னு ஒண்ணு இருந்தா, அதிலே என்னையும் ஒண்ணாச் சேத்துக்கச் சொல்லுங்க."

கோபம் இல்லை. குத்தலும் இல்லை. ஒரு கணக்கைச் சரி பார்ப்பது போலத்தான் சொன்னாள். எனக்கு வாயில் இருந்த வெற்றிலை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

'அதில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?' இந்தக் கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்டோம்? அந்த வாலிபனைப் பார்த்து, கல்லூரிக்காரர்களைப் பார்த்து, மணிப்பூரிலிருந்து மூன்று நாள் ரயிலேறி வரக்கூடிய பெண்களைப் பார்த்து. கேட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் குறைவாக இருந்தால், குறைத்தவர்கள் யார்? ஒவ்வொரு சந்திலும் ஒரு மாமா இருந்தான். ஒவ்வொரு மாமாவும் கனிவாகத்தான் சொன்னான். வீட்டுப் பெண்ணை ஆற்றிலிருந்து கரையேற்றிவிட்டு, வெளியூர்ப் பெண் வந்து ஜெயித்ததும் 'உன் ஊர் எது?' என்று கேட்கிறோம். உழாத நிலத்தில் நின்றுகொண்டு, 'இது யார் வீட்டு விதை?' என்று விசாரிக்கிற காரியம் இது.

'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று நம் கிழவிகள் சொல்வார்கள். தர்மத்துக்குச் சொன்ன வார்த்தை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அது காரியக்கார வார்த்தையாகவும் தெரிகிறது. மணிப்பூர்ப் பெண் மதுரையின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவதைக் காரியாபட்டிச் சிறுமி ஒருத்தி வேலி ஓரத்தில் நின்று பார்த்தால், மறுநாள் அவள் காலும் சும்மா இராது. முதலில் ஊரான் பிள்ளை வந்தாக வேண்டும். அவளை நம் பிள்ளை என்று நாம் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் நம் பிள்ளை நம்மிடம் கேட்பாள், 'நானும் போகட்டுமா?' என்று.

'நம்' என்பது பட்டாப் பத்திரம் அல்ல, கடன் பத்திரம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டால் நமக்கு ஒன்றும் சொந்தமாகிவிடாது. நாம்தான் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் ஆகிறோம். கலே ஊருக்காகக் கைதட்டியவர்கள் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் தவணை கட்ட மறந்துபோனார்கள். பாலமேட்டுப் பெரியவர் தினம் ஒரு வாளியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் எழுதிக் கொடுக்கவே இல்லை.

அந்தக் கல்யாணத்தன்று விடைபெறும்போது, அவளுடைய மகளை, "என்ன படிக்கிறே?" என்று கேட்டேன். பெரியவர்கள் கேட்கிற வழக்கமான கேள்வி. "எட்டாவது, தாத்தா" என்றாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ஸ்கூல்லே புட்பால் ஆடுறேன். லெஃப்ட் பேக்" என்றாள்.

அவள் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எந்த மைதானத்திலேம்மா?" என்று கேட்டேன்.

சொன்னாள். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆட்டம் என்றும் சொன்னாள். இதுவரை நாலு சனிக்கிழமை போயிருக்கிறேன். கால்பந்து விதிகள் எனக்கு இன்னும் பாதி புரியவில்லை. மூன்று ஆட்டம் தோற்றார்கள், ஒன்று சமன். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் அவள் அம்மா தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள். கனமான குடம். பாதித் தூரம் நான் தூக்கிக்கொண்டு போகிறேன்.